கம்பித் தட்டியில் நான் போட்ட மாலை

திண்டிவனத்தில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு மல்லாட்டை மில் இருந்தது. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உடைத்துப் பருப்பாக்கி மூட்டை பிடித்து அனுப்புகிற மில். என் கணவர் அங்கே எஞ்சின் ஓட்டுபவர். ஐம்பதுகளின் கடைசி அது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், பிள்ளை இல்லை. எனக்கு இருபது வயது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். "படிப்பு அஞ்சாவது, வாயி மட்டும் காலேஜு" என்று அவர் என்னைக் கேலி செய்வார். அந்த வாய் பேச வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டதையும், மூட வேண்டிய இடத்தில் திறந்துகொண்டதையும்தான் எழுதப்போகிறேன்.

அந்த மில்லில் பழைய ஆயில் எஞ்சின். ஒரு தடவை நின்றுவிட்டால் அதன் தலையை விளக்கு வைத்து அரை மணி நேரம் காய்ச்சினால்தான் மறுபடியும் கிளம்பும். எஞ்சினிலிருந்து மேலே கூரையோரம் ஓடும் இரும்புத் தண்டுக்கு ஒரு சாண் அகல பெல்ட் போகும். பெல்ட் அடிக்கடி வழுக்கும். வழுக்கினால் குங்கிலியப் பொடி தூவ வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூவுவதுதான் முறை. முதலாளிக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுக்க மனசு வராது.

"ஓடிக்கினு இருக்கச்சயே போடுய்யா. நிறுத்தினா உங்கொப்பனா வந்து கிளப்புவான்?" என்பார்.

பெல்ட்டின் இரண்டு முனைகளையும் இரும்பு ஊக்குகளால் இணைத்திருந்தார்கள். அதில் ஒரு ஊக்கு வாயைப் பிளந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் மூன்று தடவை சொன்னார். "வர்ற வெள்ளிக்கிழமை பாக்கலாம்" என்று முதலாளி மூன்று தடவை பதில் சொன்னார். பெல்ட்டைச் சுற்றித் தடுப்பு என்று ஒன்றும் கிடையாது. பக்கத்தில் நடந்து போகிறவர்கள் வேட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவார்கள். வெள்ளிக்கிழமை வருவதற்குள் புதன்கிழமை வந்தது. அவர் பொடி தூவக் கையை நீட்டியபோது அந்த ஊக்கு சட்டைக் கையைக் கவ்வி, ஆளை அப்படியே மேலே கொண்டுபோய்த் தண்டில் இரண்டு தடவை அறைந்து கீழே போட்டது. வலது கை தோளோடு போயிற்று. முதுகெலும்பு உடைந்து இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாமல் ஆயிற்று. மல்லாட்டை மூட்டை ஏற்றும் லாரியில் போட்டுப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்கு அப்போது இருபத்தேழு வயது.

இரண்டு நாள் கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை முதலாளியின் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கையில் அடுக்கு டிபன் கேரியர், கண்ணில் தண்ணீர். என் தலையைத் தடவிக்கொண்டே பேசினாள்.

"தங்கச்சி, நான் சொல்றன்னு தப்பா எடுத்துக்காத. மெஷினு காவு கேட்டுப் பாதி வாங்கிக்கினு இருக்குது. பாதி தின்ன வாயி சும்மா இருக்குமா? மீதியக் கேக்கும். கட்டினவ போயி கையால கழுவி, கோழி அறுத்து, மன்னிச்சிக்கோன்னு கேட்டாத்தான் அடங்கும். வேற யாரு செஞ்சாலும் செல்லாதும்மா."

இதைக் கேட்டு இன்றைக்குச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் பிரம்மதேசத்துப் பக்கம் பிறந்தவள். எங்கள் ஊரில் ஒருத்தர் ஏற்றக் கிணற்றில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது அவர் பெண்டாட்டிதான் கிணற்றுக்குப் பூஜை போட்டுக் கோழி அறுத்தாள். அவர் எழுந்து நடந்தார். அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்தம் சிந்திய இடத்தை ரத்தத்துக்கு உரியவர்கள் கழுவ வேண்டும், ரத்தம் பட்ட துணியை ஓடுகிற தண்ணீரிலோ ஏரியிலோ விட வேண்டும், உயிருக்கு நேர்ந்துகொண்டதை அந்த உயிருக்கு உரியவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் பலிக்காது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே லாரியில் போனேன். எஞ்சின் நின்றிருந்தது. அவர் கைக்காக அரை நிமிஷம் நிற்காத எஞ்சின் என் பூஜைக்காக அரை நாள் நின்றது. மஞ்சள் தண்ணீர் கரைத்துப் பெல்ட்டையும் சக்கரத்தையும் தரையையும் நானே தேய்த்துக் கழுவினேன். காய்ந்த ரத்தம் லேசில் போகவில்லை, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். அந்த ஊக்கில் அவருடைய நீலக் கோடு போட்ட சட்டையின் கைத்துண்டு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பித்தான் தைத்ததே நான்தான். அதை விரலால் நெம்பி எடுக்கும்போது ஊக்கு என் விரலையும் கிழித்தது. அந்தத் துண்டை மடித்துக் கொண்டுபோய் ஏரியில் விட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது முதலாளி பெரிய சம்பங்கி மாலையோடு நின்றுகொண்டிருந்தார். மில்லின் கணக்குப்பிள்ளை தட்டில் கற்பூரம் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். வாரக்கூலி கொடுப்பவர் அவர்தான், எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் பேப்பர் படிக்கிற ஒரே மனிதரும் அவர்தான்.

"மாலைய எதுலய்யா போடறது? பெல்ட்டுல போட்டா வழுக்கிப் பூடும்" என்றார் கணக்குப்பிள்ளை.

உடனே இரண்டு ஆட்கள் ஒரு கம்பி வலைத் தட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பெல்ட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். ஆள் உயரம், நான்கு பக்கமும் மரச்சட்டம், பச்சைப் பெயிண்ட். பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறியது. மாலையை அதில் நான் போட்டேன். குங்குமம் வைத்தேன். கோழி அறுத்தேன். ஸ்டூடியோக்காரர் ஒருவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு நின்றார். "சாமி காரியம், ஒரு படம் இருக்கட்டும்" என்றார் முதலாளி. அவர் கண் கலங்கியிருந்தது. நான் தரையில் விழுந்து மெஷினைக் கும்பிட்டேன். எழுந்தபோது, இவ்வளவு நல்ல மனிதரிடமா நம்மவர் வேலை செய்தார் என்று தோன்றியது. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோன்றியது அதுதான்.

அன்று சாயங்காலம் அவர் கண் திறந்தார். பூஜையைப் பற்றி நான் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முதலாளி வீட்டிலிருந்து இரண்டு தடவை அரிசி வந்தது. மூன்றாவது தடவை பேச்சு வந்தது. "எஞ்சின்காரன் அஜாக்கிரதை, அன்னிக்குக் குடிச்சிட்டு வந்தான், தானா மாட்டிக்கினான்" என்று மில்லில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கள்ளைக்கூடத் தொடாதவர். கை போனதற்கு அழாதவர் அந்தப் பேச்சுக்கு அழுதார். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்தது என்பார்களே, அது எங்கள் வீட்டில் நடந்தது.

"கேசு போடுமே. துட்டு வந்தா வருது, வராங்காட்டி போவுது. என் மேல தப்பில்லன்னு கோர்ட்டுல ஒரு காயிதத்துல எழுதிக் குடுக்கட்டும். அது போதும் எனக்கு" என்றார்.

திண்டிவனத்தில் மூன்று வக்கீல் வீட்டுப் படி ஏறினேன். முதலாமவருக்கு அந்த முதலாளிதான் பழைய கட்சிக்காரர். இரண்டாமவர் வீட்டு வாசலில் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்தேன். குமாஸ்தா வந்து, "ஐயா தூங்கறாரு, நீ போயிட்டு ஆடி மாசம் வா" என்றார். அப்போது தை மாதம். மூன்றாமவர் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "உன் புருஷன் குடிப்பானாமே?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். எழுந்து வரும்போது அவர் வீட்டுச் சொம்பைக் காலால் தட்டிவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியில் விழுப்புரத்தில் ஒரு வக்கீல் கேஸை எடுத்துக்கொண்டார். பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்து போவேன். சிடுசிடுப்பான மனிதர், ஒரு வார்த்தைக்கு மேல் இரண்டாவது வார்த்தை பேசினால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் ஒழுங்காகக் கேட்டார்.

"பெல்ட்டுக்குத் தடுப்பு இருந்ததா?"

"இல்லீங்க."

"நிச்சயமா?"

"சத்தியமா இல்லீங்க ஐயா."

"அது ஒண்ணு போதும்மா. தடுப்பு போடாதது அவன் தப்பு. வேற ஏதாவது என்கிட்ட சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

ஒளிக்கவில்லை. சாமி காரியத்தையும் கோர்ட்டுக் காரியத்தையும் ஒரே மூட்டையில் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாது. புருஷனிடமே சொல்லக் கூடாத நேர்த்திக்கடனை வக்கீலிடமா சொல்வேன்?

கேஸ் விழுப்புரம் கோர்ட்டில் இரண்டு வருஷம் வாய்தா வாய்தாவாக இழுத்தது. நான் வயலில் களை எடுத்தேன், மல்லாட்டை பிடுங்கப் போனேன். போவதற்கு முன் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, புண்ணைக் கழுவி, கேப்பைக் கூழ் ஊற்றிவிட்டுப் போவேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய்த் திரும்பியதும், "எழுதிட்டாங்களா?" என்று கேட்பார். "இன்னும் இல்ல" என்பேன். அன்று எஞ்சினை நிறுத்தி அவரைத் தூக்கி லாரியில் போட்ட மில் கூட்டாளி சாட்சி சொல்ல வருகிறேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். கூண்டில் ஏறியதும், தான் அப்போது ஒதுங்கப் போயிருந்ததாகச் சொன்னான். இறங்கி வரும்போது என்னைப் பார்க்கவில்லை. அவனுக்கும் நான்கு பிள்ளைகள். இருந்தாலும் அவனை நான் மன்னிக்கவில்லை, இன்று வரைக்கும்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளியின் வக்கீல் வயசானவர், சிரித்த முகம். கையில் ஒரு போட்டோ வைத்திருந்தார்.

"இந்தப் படத்துல இருக்கறது யாரும்மா?"

"நான்தாங்க."

"கையில இன்னா?"

"மாலைங்க."

"எதுல போடறே?"

எங்கள் வக்கீல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தட்டியிலங்க" என்றேன்.

"தட்டி எங்க இருக்குது?"

"பெல்ட்டுக்கு முன்னாலங்க. ஆனா அது மாலை போடறதுக்காகக் கொண்டாந்த தட்டிங்க ஐயா. மாலைய மாட்ட எடம் இல்லன்னு அன்னிக்குத்தான் தூக்கியாந்தாங்க."

கோர்ட்டில் சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், டவாலிக்காரர் சிரித்தார். ஜட்ஜ் மட்டும் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"மாலை மாட்ட ஆளு ஒசரத்துக்குக் கம்பி வலை அடிச்சாங்களா? சரிம்மா. புருஷனுக்குக் கை போன மூணாம் நாளு, தப்பு முதலாளி மேலன்னா, மெஷினுகிட்ட எதுக்கு மன்னிப்பு கேட்டே?"

"மீதியக் கேக்கக் கூடாதுன்னுங்க."

"கேட்டுதா?"

"இல்லீங்க."

"அப்போ மெஷினு உன் பேச்சக் கேட்டிருக்குது. உன் புருஷன்தான் முதலாளி பேச்சக் கேக்காம, தட்டிய நவுத்திட்டுக் கைய வுட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடியும் சிரித்தார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகியிருக்கிறேன். அன்று கூண்டில் நின்று பொருள் தெரிந்துகொண்டேன். சட்டைத் துண்டு எங்கே என்று கேட்டார்கள். ஏரியில் விட்டேன் என்றேன். ஊக்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மில்லில் அப்போது புது பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் ஒரு வார்த்தைக்கு மேல் பேசினார்.

"கோழி அறுத்ததை என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு வாய் இல்லையா? ரெண்டு வருஷமா நான் கட்டின கேஸை, நீ மூணாம் நாளே கழுவி ஏரியில விட்டுட்டு வந்திருக்கே."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் அந்த மனிதரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

தீர்ப்பு வந்தது. தள்ளுபடி. தடுப்பு இருந்திருக்கிறது, அதைத் தொழிலாளியே அகற்றியிருக்கிறார், விபத்து அவருடைய சொந்தக் கவனக்குறைவு என்று எழுதியிருப்பதாகக் குமாஸ்தா சொன்னார். எல்லாம் இங்கிலீஷ். அந்தக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திண்டிவனம் வந்தேன். வழியெல்லாம், சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட வேண்டும் என்றே வந்தேன். வீட்டுக்குள் நுழைந்தால் அவர் கழுத்தைத் தூக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்.

"எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

"இன்னான்னு?"

"உங்க மேல தப்பில்லன்னு எழுதிட்டாங்க. துட்டுதான் தர முடியாதுன்னுட்டாங்க."

அவர் சிரித்ததை மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். "துட்டு கெடக்குது வுடு" என்றார். அந்தக் காகிதத்துக்குக் கண்ணாடி போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கடைசித் தாளில்தான் கோர்ட்டு முத்திரை இருந்தது. அதற்குச் சட்டம் போட்டு, அவர் படுக்கையிலிருந்து பார்க்கிற மாதிரி எதிர்ச் சுவரில் மாட்டினேன். வருகிறவர்களுக்கெல்லாம் இடது கையால் காட்டுவார். "பாத்தியா, கோர்ட்டே சொல்லிட்டுது." எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்தவர்கள் இல்லை. எல்லோரும் முத்திரையைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். அவர் இரண்டு வேளை சாப்பிட ஆரம்பித்தார். எனக்கும் தூக்கம் வந்தது.

ஆயுதபூஜைக்கு மறுநாள் கணக்குப்பிள்ளை வந்தார். பழைய ஆட்கள் வீட்டுக்கு மில்லிலிருந்து பொரியும் கடலையும் கொடுத்தனுப்புவது வழக்கம். பொட்டலத்தை என் கணவர் மார்மேல் வைத்தார்.

"கணக்குப்பிள்ள, நல்லதா வந்தீங்க. அதக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க. இவ சொல்லித்தான் கேட்டிருக்கேன். எழுத்த யாரும் படிச்சதில்ல" என்றார் என் கணவர்.

நான் அடுப்பங்கரை வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சுவரருகே போய், ஒரு வரி இங்கிலீஷ், ஒரு வரி தமிழ் என்று நிதானமாகப் படித்தார். எதையும் விடவில்லை. காயம்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவே காரணம் என்ற வரியைப் படித்தார். அவருடைய மனைவியே அந்தத் தடுப்பின் மேல் மாலை போட்டு வணங்கியிருப்பதால் தடுப்பு இல்லை என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை என்ற வரியையும் படித்தார். "வரேம்பா, இன்னும் நாலு வீடு இருக்குது" என்று கிளம்பிப் போனார்.

நான் பொரிப் பொட்டலத்தை எடுக்கப் பக்கத்தில் போனேன்.

"மாலைய நீயா போட்ட?"

"ஆமா."

"தட்டி புதுசா?"

"பெயிண்ட் வாசன வந்துது."

"ஊக்குல என் சட்டை மாட்டிக்கினு இருந்திருக்குமே?"

"ஏரியில வுட்டுட்டேன். உங்க உசுரு தங்கணும்னுதான்..."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். சுவரிலிருந்து அந்தச் சட்டத்தைக் கழற்றப் போனேன்.

"தொடாத" என்றார். "அது அங்கியே இருக்கட்டும். தெனம் தொடைச்சி வையி."

அதற்குப் பிறகு நான்கு வருஷம் இருந்தார். தண்ணீர் வேண்டும், திருப்பிப் போடு என்பதைத் தவிர என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். தினமும் காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது, "தொடைச்சியா?" என்பார். தொடைச்சிட்டேன் என்பேன். சில நாள் அவரை வெறுத்தேன். முதலாளியைவிட, கணக்குப்பிள்ளையைவிட அதிகமாக வெறுத்தேன். அவர் புண்ணைக் கழுவிக்கொண்டே வெறுத்தேன். மெஷினிடம் விழுந்து கும்பிட்டு நான் கேட்டு வாங்கிய மீதி அவர்தான் என்பதை ஒரு நாளும் மறக்கவில்லை.

அவர் போன அன்று மில்லிலிருந்து மாலை வந்தது. பெரிய சம்பங்கி மாலை. கொண்டுவந்தவர் கணக்குப்பிள்ளை. கூட்டத்தில் வழி விட்டார்கள். அவர் நேராக என்னிடம் வந்து, "முதலாளி குடுத்தனுப்பினாரு. நீயே போடும்மா" என்று நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். அது என் கணவர் உடம்பில் படக் கூடாது என்று மட்டும் இருந்தது. எழுந்து போய் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த அந்தச் சட்டத்தின் மேல் போட்டேன். கண்ணாடியை அன்று காலையிலும் துடைத்திருந்தேன்.